சிறிது, சிறிதாக்கு, சிறிதென நினை: பழஞ்சீனத்தில் பெயரடை

பழஞ்சீனத்தில் பெயரடை இலக்கணப்படி எப்படி இயங்குகிறது? ஒரே சொல் ஓரிடத்தில் அடையாகவும், இன்னோரிடத்தில் வினையாகவும், வேறோரிடத்தில் பெயராகவும் வருகிறதே, அப்படியானால் பெயரடை என்று தனியாக ஒன்று அங்கே உண்டா இல்லையா? இதுதான் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், உண்டு. ஆனால் அது வினையின் வீட்டுக்குள் ஓர் அறை. பெயருக்கு முன்னால் நின்று அதைச் சிறப்பிப்பது அந்தச் சொற்களின் பல வேலைகளில் ஒன்றுதான். அடிப்படை வேலை பயனிலையாக நிற்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் ஓரளவு தானாகவே விளங்கும்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. பழஞ்சீனம் என்று நான் சொல்வது கன்பூசியஸ், அவர் வழிவந்த மெங்சி போன்ற சிந்தனையாளர்களின் நூல்களில் உள்ள நடையை, சுமாராக கி.மு. 5 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை. படித்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதே அச்சில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள், அதனால் ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகள் பிற்காலத்தவை. சொற்களை இன்றைய பெய்ஜிங் உச்சரிப்பில் தோராயமாகத் தமிழில் தருகிறேன். மெங்சி இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

1082-இல் சொங் காலத்துக் கவிஞர் சு ஷி செந்நிறப் பாறைக்கு இரண்டாவது முறை போய்வந்து எழுதிய உரைப்பாட்டில் எட்டே எழுத்துகளில் ஒரு காட்சி வரும்: ஷான் காவ், யுவே ஷியாவ், ஷுய் லுவோ, ஷிர் சூ. மலை உயரம், நிலா சிறிது, நீர் வடிந்தது, கல் வெளிப்பட்டது. ஒவ்வொன்றும் இரண்டு சொல் வாக்கியம். முதல் இரண்டில் பயனிலை 'காவ்' (உயர்), 'ஷியாவ்' (சிறு). அடுத்த இரண்டில் 'லுவோ' (இறங்கு), 'சூ' (வெளிவா). முன்னவை பெயரடை, பின்னவை வினை என்று நாம் பிரிக்கிறோம். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படி எதையும் பிரிக்கவில்லை. 'ஆகும்', 'இருக்கிறது' என்று இடையில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

ஆங்கிலம் வழியாக இதைப் படிப்பவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். தமிழ் தெரிந்தவருக்குத் திணற வேண்டிய அவசியமில்லை. 'மலை பெரிது' என்று நாமும் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் 'பெரிது' என்ற சொல்லை நம் இலக்கணக்காரர்கள் குறிப்பு வினைமுற்று என்று வினையியலில்தான் வைத்தார்கள். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத, ஆனால் வாக்கியத்தை முடிக்கும் ஆற்றல் உள்ள சொல். பழஞ்சீனத்தின் 'காவ்', 'ஷியாவ்' எல்லாம் ஏறக்குறைய இதே இனம். மேற்கத்திய ஆய்வாளர்கள் நிலைவினை என்கிறார்கள். குறிப்பு வினை என்ற நம் சொல் எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கவும் கூடாது. தமிழில் பெரிது, பெரியன், பெரிய, பெருமை என்று உருவம் மாறும். முடிக்கிறதா, அடுத்த பெயரோடு ஒட்டுகிறதா என்பதை ஈறே சொல்லிவிடும். சீனத்தில் ஈறு கிடையாது. 'ஷான் காவ்' என்றால் மலை உயர்ந்தது. 'காவ் ஷான்' என்றால் உயர்ந்த மலை. இடம் மாறினால் வேலை மாறும். வினைக்கு முன் போட்டால் அதுவே வினையடை: 'காவ்' முன்னால் வந்து 'பற' பின்னால் வந்தால் உயரப் பறத்தல். '-ஆக' மாதிரி ஒட்டு எதுவும் வேண்டாம்.

பெயரா, வினையா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை எதிர்மறை. வினையை மறுக்க 'பு'. பெயர்ப் பயனிலையை மறுக்க 'ஃபெய்', நம் 'அல்ல' மாதிரி. பெயரடைகள் 'பு' பக்கம் நிற்கின்றன. குதிரை வெள்ளை இல்லை என்பதற்கு 'மா பு பாய்'. கொங்சுன் லொங் என்ற தர்க்கவாதி கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் போட்ட புகழ்பெற்ற புதிர் 'பாய் மா ஃபெய் மா', அதாவது வெள்ளைக் குதிரை குதிரை அல்ல. அங்கே ஏன் 'ஃபெய்'? மறுக்கப்படுவது 'மா' என்ற பெயர் என்பதால். தர்க்கம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் இலக்கணம் நேராக இருக்கிறது.

அடுத்து, பெயரடைக்குப் பின்னால் செயப்படுபொருள் வந்தால் என்ன ஆகும் என்பது. எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், நானும் விழுந்திருக்கிறேன்.

மெங்சி ச்சி நாட்டு அரசரிடம் ஓர் உவமை சொல்கிறார். பெரிய மாளிகை கட்டப் பெரிய மரம் தேடுகிறீர்கள். மேலாளர் ஒன்றைக் கண்டுபிடித்தால் மகிழ்கிறீர்கள். தச்சன் அதைச் செதுக்கி 'ஷியாவ் ஜீ' செய்தால் கோபப்படுகிறீர்கள். 'ஜீ' என்பது 'அதை'. 'ஷியாவ்' சிறிது. ஆக, செதுக்கி அதைச் சிறிதாக்கினான். அதே மெங்சியில் வேறோரிடத்தில், கன்பூசியஸ் கிழக்கு மலையில் ஏறி லூ நாட்டை 'ஷியாவ்' செய்தார், தாய்ஷான் மலையில் ஏறி உலகையே 'ஷியாவ்' செய்தார் என்று வருகிறது. அங்கே கன்பூசியஸ் கையில் உளி இல்லை. மேலே நின்று பார்த்தபோது லூ நாடு அவருக்குச் சிறிதாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

ஒரே நூல், ஒரே எழுத்து, ஒரே அமைப்பு. ஒன்று பிறவினைப் பொருள்: சிறிதாக்கு. மற்றது கருதல் பொருள்: சிறிதென நினை. இரண்டையும் பிரித்துக்காட்ட வடிவத்தில் எதுவும் இல்லை. தமிழில் '-ஆக்கு', '-படுத்து', '-ஆகக் கருது' என்று நாம் செலவழிக்கிற அசைகளையெல்லாம் பழஞ்சீனம் வாசகரின் பொது அறிவிடம் ஒப்படைத்துவிடுகிறது. நான் கைக்கொள்ளும் வழி எளிது: எழுவாய்க்கு அந்தப் பொருளை உண்மையில் மாற்றும் வசதி அந்தச் சூழலில் இருக்கிறதா என்று பார்ப்பேன். தச்சனுக்கு மரத்தை மாற்ற முடியும். மலையுச்சியில் நிற்பவரால் நாட்டின் பரப்பை மாற்ற முடியாது.

மெங்சி நூலின் முதல் பக்கத்திலேயே இதற்கு இன்னொன்று கிடைக்கும். லியாங் நாட்டு ஹுய் அரசர் அவரை வரவேற்கும்போது, பெரியவரே, ஆயிரம் லி தூரத்தை 'பு யுவான்' செய்து வந்திருக்கிறீர்களே என்கிறார். 'யுவான்' என்றால் தொலைவு. ஆயிரம் லியைத் தொலைவென்று எண்ணாமல் வந்தீர்களே. இங்கும் மறுப்பு 'பு' என்பதைக் கவனியுங்கள்.

போரிடும் நாடுகள் காலத்துக் கதைத் தொகுப்பு ஒன்றில் சோவ் ஜி என்ற அமைச்சர் கண்ணாடி பார்க்கிறார். ஊரின் வடக்கே வசிக்கும் ஷு என்பவரைவிட நீங்கள்தான் அழகு என்று மனைவியும் துணைவியும் விருந்தாளியும் சொல்லியிருக்கிறார்கள். ஷுவை நேரில் பார்த்தபோது அது பொய் என்று தெரிந்துவிட்டது. இரவில் படுத்தபடி யோசிக்கிறார்: மனைவி என்னை 'மெய்' செய்வது என்மேல் பாசம் என்பதால், துணைவி 'மெய்' செய்வது பயத்தால், விருந்தாளி 'மெய்' செய்வது காரியம் ஆகவேண்டும் என்பதால். 'மெய்' என்றால் அழகு. பிறவினையாகப் படித்தால், அதாவது என்னை அழகாக்கினார்கள் என்று படித்தால், கதையே குப்புற விழுந்துவிடும்.

இந்த இலக்கணம் வெறும் சொல் விளையாட்டு இல்லை என்று காட்ட எனக்குப் பிடித்த இடம் மெங்சியும் அவர் காலத்துச் சிந்தனையாளர் காவ்சியும் மோதும் விவாதம். அன்பு உள்ளிருந்து வருகிறது, ஆனால் 'யீ', அதாவது செய்யவேண்டியதைச் செய்யும் நேர்மை, வெளியிலிருந்து வருகிறது என்பது காவ்சியின் வாதம். ஏன் என்று கேட்டால் அவர் சொல்வது: 'பி ஜாங் அர் வோ ஜாங் ஜீ.' பி அவர், வோ நான், அர் இரண்டையும் இணைக்கும் சொல். அவர் மூத்தவர், ஆகவே நான் அவரை மூத்தவராகக் கொள்கிறேன். முதல் 'ஜாங்' பயனிலை, இரண்டாவது 'ஜாங்' செயப்படுபொருள் ஏற்ற கருதல் வினை. உடனே இணை வைக்கிறார்: 'பி பாய் அர் வோ பாய் ஜீ.' அது வெள்ளை, நான் அதை வெள்ளை என்று கொள்கிறேன். வெண்மை வெளியில் இருக்கிறது, நான் அதைப் பின்பற்றுகிறேன். மூப்பும் அப்படியே, ஆகவே நேர்மையும் வெளியில்தான். வாக்கிய அமைப்பு ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்று நழுவப் பார்க்கிறார்.

மெங்சி அங்கேயே மடக்குகிறார். வெள்ளைக் குதிரையை வெள்ளை என்பதற்கும் வெள்ளை மனிதனை வெள்ளை என்பதற்கும் வேறுபாடில்லை, சரி. ஆனால் கிழட்டுக் குதிரையை மூத்தது என்று கொள்வதும் மூத்த மனிதரை மூத்தவராகக் கொள்வதும் ஒன்றா? அப்புறம் கடைசி அடி: 'ஜாங் ஜெ யீ ஹூ? ஜாங் ஜீ ஜெ யீ ஹூ?' 'ஜெ' என்பது முன்னால் வரும் வினையைப் பெயராக்கும் சொல், நம் '-அவர்', '-அது' போல. 'ஹூ' வினா. மூத்தவரிடமா நேர்மை இருக்கிறது, மூத்தவராக மதிப்பவரிடமா? இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள வேறுபாடு 'ஜீ' என்ற ஓரசை. அது இல்லாவிட்டால் 'ஜாங்' ஒரு தன்மை. இருந்தால் அது ஒருவர் செய்யும் செயல். காவ்சி இந்த இரண்டையும் கலந்துவிட்டார் என்பதுதான் மெங்சியின் புகார். இந்தப் பகுதியை மொழிபெயர்ப்பில் மட்டும் படித்தவர்கள் மெங்சி ஏதோ குதர்க்கம் பேசுகிறார் என்று நினைப்பதுண்டு. மூலத்தில் பார்த்தால் கத்தி எங்கே இறங்குகிறது என்று தெரியும்.

இதே அமைப்பை மெங்சி வேறோரிடத்தில் அறிவுரையாகவே மாற்றியிருக்கிறார். 'லாவ் ஊ லாவ்.' லாவ் முதுமை, ஊ என்னுடைய. என்னுடைய என்பதற்குப் பின்னால் வருவது பெயராகத்தான் இருக்க முடியும், ஆக இரண்டாவது லாவ் 'மூத்தோர்'. அதற்கு முன்னால் வினை நிற்கும் இடத்தில் இருப்பது முதல் லாவ்: மூத்தோர்க்குரிய மரியாதையோடு நடத்து. என் வீட்டு மூத்தோரை அப்படி நடத்தி, அதைப் பிறர் வீட்டு மூத்தோர் வரை கொண்டுபோ என்று தொடரும். 'பெருங்கல்வி' நூலின் தொடக்கத்தில் வரும் 'மிங் மிங் தெ'யும் இந்தச் சூத்திரம்தான்: ஒளியுள்ள நற்பண்பை ஒளிரச் செய். அச்சுப்பிழை என்று நினைத்து ஒரு மிங்கை அடித்துவிடாதீர்கள்.

பெயராகும்போது எப்படித் தெரிந்துகொள்வது? சில நேரம் இணைப்புச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். வினைகளை இணைக்க 'அர்', பெயர்களை இணைக்க 'யு'. கன்பூசியஸ் உரையாடல்களில் 'ஃபூ' (செல்வம் உடைமை) இரண்டு விதமாகவும் வருகிறது. 'ஃபூ அர் ஊ ஜியாவ்': செல்வராயிருந்தும் செருக்கில்லாமல் இருத்தல்; இங்கே ஃபூ வினை. 'ஃபூ யு குய்': செல்வமும் உயர்பதவியும் எல்லோரும் விரும்புவது, இங்கே பெயர். எழுத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. சில நேரம் பெயராக்கம் தன்மையைத் தாண்டி அந்தத் தன்மையுள்ள பொருளையே குறிக்கும். ஹான் வரலாற்றாசிரியர் நூலில் ஒரு தளபதியைப் பற்றி, கடினத்தை அணிந்து கூர்மையை ஏந்தினார் என்று வரும். கவசமும் ஆயுதமும்.

ஒப்பீட்டுக்குத் தனி விகுதி கிடையாது. இன்னொரு 'யூ' இருக்கிறது. மேலே சொன்னதோடு ஒலி கிட்டத்தட்ட ஒன்று, எழுத்து வேறு. இடம், புறப்பாடு, ஒப்பு எல்லாவற்றுக்கும் அதுவே. ஷுன்சி என்ற கன்பூசிய சிந்தனையாளரின் கல்வி பற்றிய கட்டுரை தொடங்கும் வரி: நீலச் சாயம் அவுரியிலிருந்து எடுக்கப்படுகிறது, அவுரியைவிட நீலமாக இருக்கிறது. 'அவுரியிலிருந்து' என்பதற்கும் 'அவுரியைவிட' என்பதற்கும் மூலத்தில் ஒரே 'யூ லான்'. முன்னால் நிற்பது 'எடு' என்ற வினையானால் நீங்கல். 'நீலம்' என்ற குறிப்பு வினையானால் ஒப்பு. நம் ஐந்தாம் வேற்றுமை உருபு 'இன்' செய்வதும் இதையே. 'மலையின் வீழ் அருவி'யில் நீங்கல். 'ஞாலத்தின் மாணப் பெரிது' என்ற குறளில் ஒப்பு. சீனத்துக்கும் தமிழுக்கும் உறவு ஏதும் இல்லை. ஒன்றிலிருந்து விலகி நிற்கும் தூரத்தை மிகுதியாகப் பார்ப்பது உலகில் பல மொழிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்த வழி.

காலம் காட்டாவிட்டாலும் மாற்றம் காட்ட வழி உண்டு. வாக்கியக் கடைசியில் 'யி' போட்டால் இப்போது அந்த நிலை வந்துவிட்டது என்று பொருள். கி.மு. 630-இல் ஜெங் நாட்டைப் பகைவர் முற்றுகையிட்டபோது தூது போகச் சொன்னதற்கு ஜு ஜிவூ என்ற கிழவர் சொன்ன பதில் ஒரு பழைய ஆண்டுக்குறிப்பு வரலாற்றுக்கு எழுந்த உரைநூலில் இருக்கிறது. வலுவாக இருந்த காலத்திலேயே நான் பிறருக்கு ஈடில்லை. இப்போது 'லாவ் யி', ஒன்றும் செய்ய முடியாது. கிழவன் என்பதில்லை, கிழவனாகிவிட்டேன். நிலையைச் சொல்லும் சொல் நிகழ்வைச் சொல்லும் சொல்லாக மாறிவிடுகிறது. (அப்புறம் அவர் போனார், காரியத்தை முடித்தார்.)

உருவம் மாறவே மாறாது என்று இதுவரை சொன்னேன். எழுத்தில் அது சரி. ஒலியில் முழுக்கச் சரியில்லை. 'ஹாவ்' என்பதை மூன்றாம் தொனியில் (தொனி என்பது அசையைச் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கம்) சொன்னால் நல்லது. நான்காம் தொனியில் சொன்னால் விரும்பு. தொலைவு என்ற 'யுவா'னும் அப்படி: ஆவிகளை மதித்து அவற்றை 'யுவான்' செய், அதாவது எட்ட நிறுத்து என்று கன்பூசியஸ் சொல்லும் இடத்தில் மரபாக நான்காம் தொனியில்தான் படிப்பார்கள். ஓட்ரிக்கூர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் 1954-இல், இந்தத் தொனி பழங்காலத்தில் சொல்லின் இறுதியில் இருந்த 'ஸ்' ஒலியின் எச்சம் என்று முன்வைத்தார். இன்று ஆய்வாளர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். அப்படியானால் ஒருகாலத்தில் சீனத்திலும் ஒட்டுகள் இருந்தன, எழுத்து அதை மூடிவிட்டது. எல்லாப் பெயரடைக்கும் இந்த ஜோடி கிடையாது, 'ஷியாவ்'க்கு இல்லை. ஒருவகையில் அதுதான் எரிச்சல்.

இந்த வினைக் குடும்பத்துக்கு வெளியே நிற்கும் ஒரு கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ரான்' என்று முடியும் வருணனைச் சொற்கள். மெங்சியில் வானம் 'யோவ்ரான்' என மேகம் திரட்டி, 'பெய்ரான்' என மழை கொட்டினால் பயிர் 'போரான்' என எழும் என்று ஒரு வரி. 'ரான்' என்பது 'அப்படி'. சடசடவென, குபுகுபுவென என்று நாம் 'என' சேர்ப்பதுபோல. இவை பண்பைவிடத் தோற்றத்தைப் பிடிக்கும் சொற்கள், மொழிபெயர்ப்பாளர்களின் தலைவலி.

சரி, சீனர்களே இந்தச் சொற்களை எப்படி வகைப்படுத்தினார்கள்? மரபில் சொற்களை நிறைசொல், வெறுஞ்சொல் என்று பிரித்தார்கள். பெயரடைக்குத் தனி இலாகா இல்லை. 1898-இல் மா ஜியன்ஜொங் தன் இலக்கண நூலில்தான் லத்தீன் முறையைப் பின்பற்றி அதைத் தனியே பிரித்தார். இயேசு சபையினரிடம் படித்தவர், லத்தீனும் பிரெஞ்சும் தெரிந்தவர். வினைக்கு 'தொங் சி', அசையும் சொல். பெயரடைக்கு 'ஜிங் சி', அசையாமல் நிற்கும் சொல் என்று பெயரிட்டார். பெயர் அழகாக இருக்கிறது. ஆனால் தச்சன் உளியெடுத்ததும் அந்த அசையாச் சொல் அசைய ஆரம்பித்துவிடுகிறதே. 1920-களில் லி ஜின்ஷி மறுகோடிக்குப் போய், வாக்கியத்தில்தான் சொல்வகை, வாக்கியத்தை விட்டால் வகையில்லை என்றார். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. சாதாரண வினைக்குப் பின் செயப்படுபொருள் வந்தால் வினையின் விளைவை அது ஏற்கும்; பெயரடைக்குப் பின் செயப்படுபொருள் வந்தால் 'அப்படியாக்கு', 'அப்படியென நினை' என்ற பொருள் ஒழுங்காக முளைக்கிறது. அந்த நடத்தை அகராதியிலேயே குறிக்கத்தக்க ஒரு தனி இனத்தின் அடையாளம்.

கடைசியாக ஒரு வரைவுத்தாள். சொங் காலத்து அமைச்சரும் கவிஞருமான வாங் அன்ஷி ஓர் இரவு ஆற்றுத்துறையில் படகு நிறுத்தி எழுதிய பாட்டில் 'வசந்தக் காற்று மறுபடி ஆற்றின் தென்கரையை...' என்று ஒரு வரி. அந்த வரைவு ஓர் அறிஞர் வீட்டில் இருந்ததாக 12-ஆம் நூற்றாண்டில் ஹொங் மாய் எழுதிவைத்திருக்கிறார். முதலில் 'அடைந்தது' என்று போட்டு, அதை வட்டமிட்டு அடித்து 'நன்றாயில்லை' என்று ஓரத்தில் குறிப்பு. அப்புறம் 'கடந்தது'. அதையும் அடித்து 'நுழைந்தது'. பிறகு 'நிறைத்தது'. இப்படி ஏறக்குறையப் பத்து வினைச்சொற்கள் வந்து போனபின் நிலைத்தது 'லுய்', பச்சை. காற்று கரையைப் பச்சையாக்கியது. அவருக்கு 300 ஆண்டு முன்பே தாங் காலத்துக் கவிஞர் லி பாய் கிழக்குக் காற்று புல்லை 'லுய்' செய்துவிட்டது என்று எழுதியிருந்தார், அதனால் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பத்து வினைகளை அடித்துப் போட்டபின் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது ஒரு பெயரடை.